நாலு மணிக்கு மேல் நாற்காலி

பாளையங்கோட்டையில் ஆசிரியைப் பயிற்சி முடித்த கையோடு, இருபது வயதில், ஆற்றிலிருந்து ஒரு மைல் தள்ளியிருந்த கிராமத்து மிஷன் பள்ளிக்கூடத்துக்கு என்னை அனுப்பினார்கள். பெரிய யுத்தம் தொடங்குவதற்கு இரண்டு மூன்று வருஷம் முன்பு. காலை பத்து மணிக்கும் மாலை நாலு மணிக்கும் நடுவே பிள்ளைகளை என்ன செய்வது என்று பயிற்சியில் விலாவாரியாகச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். நாலு மணிக்கு மேல் பிள்ளைகள் நம்மை என்ன செய்வார்கள் என்பதைப் பற்றி யாரும் மூச்சு விடவில்லை.

நாலு மணிக்கு மணி அடிக்கும். மணியின் நாக்கு ஆடி அடங்குவதற்குள் பள்ளிக்கூடம் காலி. அப்பா அம்மாவெல்லாம் வயலிலிருந்து திரும்ப இருட்டிவிடும். அதுவரை ஊர் பிள்ளைகளுடையது. பாதிப் பேர் வாய்க்காலில் குதிப்பார்கள். மீதிப் பேர் பண்ணையாருடைய தோட்டத்தில் இருப்பார்கள். வாழைத்தார் பழுத்துவிட்டதா என்று பண்ணையாருக்குத் தெரிவதற்கு ஒரு நாள் முன்பே பிள்ளைகளுக்குத் தெரிந்துவிடும்.

ஒரு நாள் பண்ணையாரே பள்ளிக்கூடத்துக்கு வந்துவிட்டார். பள்ளிக்கூடம் நிற்கும் இடம் அவர் தகப்பனார் எழுதிக் கொடுத்தது. பிள்ளைகளைப் பெற்றவர்களில் முக்கால்வாசிப் பேர் அவர் நிலத்தில் வேலை செய்கிறவர்கள். ஆகவே அவர் உள்ளே வந்தால் பெரிய வாத்தியார் தன் நாற்காலியை விட்டு எழுந்து, மேல்துண்டால் அதைத் தட்டிவிட்டு, அவர் பக்கம் நகர்த்துவார்.

"நாலு மணி வரைக்கும் கட்டி வச்சுட்டு, அதுக்கப்புறம் என் தோட்டத்துல அவுத்து விடுதீரு. இதுக்குப் பேரு பள்ளிக்கூடமா வே?" என்றார் பண்ணையார்.

பெரிய வாத்தியார் என்னைப் பார்த்தார், வாழைப்பழம் தின்றது நான்தான் என்பது மாதிரி.

விஷயம் மிஸ்ஸியம்மா காதுக்குப் போயிற்று. கல்யாணம் செய்துகொள்ளாமல் கடல் கடந்து வந்து, எங்கள் பக்கத்துப் பள்ளிக்கூடங்களையெல்லாம் மேற்பார்த்த வெள்ளைக்காரம்மா அவர். இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை பாளையங்கோட்டையிலிருந்து வில்வண்டியில் வருவார். தமிழை வேதப்புத்தகம் படித்தே கற்றுக்கொண்டவர் என்பதால், ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டால்கூட தீர்க்கதரிசி கேட்ட மாதிரி இருக்கும்.

"நீ இந்தப் பிள்ளைகளை ஐந்தரை மணிவரை இங்கே காத்துக்கொள்வாயாக" என்று எனக்குக் கட்டளை பிறந்தது. "இரண்டு மாதம் சென்றபின்பு நான் வந்து காண்பேன். நன்றாயிருந்தால் அது நிலைக்கும். இல்லாவிட்டால் அதை அகற்றிப்போடுவோம்."

சம்பளம் அதே சம்பளம்தான். ஆனால் எனக்குள் ஒரு வீம்பு பிறந்துவிட்டது. பெரிய வாத்தியார் ஒதுங்கிக்கொண்டார். நாலு மணி ஆனால் அவர் பக்கத்து ஊர்த் தபாலாபீசுக்கு நடந்து போய், பத்திரிகை வாசிக்கிறவர்களின் வாயைப் பார்த்துவிட்டு ஆறு மணிக்குத்தான் வருவார். "வேத வசனம் சொல்லச் சொல்லும்மா. பிள்ளைகள் தானா அடங்கும்" என்பது அவர் எனக்குச் செய்த ஒரே உதவி.

முதல் நாள் வசனம். கால் மணி நேரத்தில் ஒரு பையன் ஒரு விரலைக் காட்டி வெளியே போனான். இன்னொருவன் போனான். பிறகு இரண்டிரண்டாகப் போனார்கள். போனவர்களில் ஒருத்தரும் திரும்பவில்லை. ஐந்தரைக்கு என்னிடம் மிச்சம் இருந்தது ஒரே ஒரு பெண் பிள்ளை. அதுவும் தூங்கிவிட்டதால்தான் இருந்தது.

அடுத்த நாள் களிமண் பொம்மை செய்யலாம் என்று திட்டம் போட்டேன். களிமண் எடுக்க வாய்க்காலுக்கு ஒரு கூட்டத்தை அனுப்பினேன். அனுப்பியது நான். இதில் பிள்ளைகளைக் குற்றம் சொல்ல எனக்கு வாயில்லை. இருட்டும்போது ஈரத் தலையோடு வந்தார்கள். ஒரு கைப்பிடி மண்கூட வரவில்லை.

மூன்றாவதாக, செடிகொடிகளை அறிந்துகொள்வதற்காக ஆளுக்கொரு இலை பறித்து வரச் சொன்னேன். இது பயிற்சிப் புத்தகத்திலேயே இருந்த விஷயம். பிள்ளைகள் சொன்ன சொல் தட்டாமல் இலைதான் பறித்து வந்தார்கள். கொய்யா இலையோடு கொய்யாக்காயும், மா இலையோடு மாங்காயும், வாழை இலையோடு அரைத்தாரும் ஒட்டிக்கொண்டு வந்தன. "காய விட்டுட்டு இலைய மட்டும் பறிச்சா இலைக்கு வலிக்கும்லா" என்றான் ஒரு பயல். பண்ணையாரிடமிருந்து இரண்டாவது புகார் வந்தது.

இனி எனக்கு விளையாட்டு ஏதாவது சொல்லித்தர வேண்டும் என்று மிஸ்ஸியம்மாவுக்குக் கடிதம் எழுதினேன். உருண்டை உருண்டையான தமிழ் எழுத்தில் பதில் வந்தது. அவர்கள் ஊர் விளையாட்டு ஒன்றை விவரித்திருந்தார். நடுவில் நாற்காலிகள். சுற்றிலும் பிள்ளைகள். ஒருவர் பாட, பிள்ளைகள் சுற்றி வரவேண்டும். பாட்டு நின்ற உடனே உட்கார வேண்டும். இடம் கிடைக்காதவர் வெளியே. பாட்டு நிற்குமுன் உட்கார்ந்தவரும் வெளியே. ஒரு சுற்றுக்கு ஒரு நாற்காலியாக எடுத்துவிட வேண்டும். பிள்ளைகளைவிட நாற்காலி ஒன்று குறைவாக இருக்க வேண்டும் என்று அடிக்கோடு போட்டு எழுதியிருந்தார்.

எங்கள் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளைவிட நாற்காலி முப்பத்தெட்டு குறைவாக இருந்தது. இருந்த ஒன்று பெரிய வாத்தியாருடையது. கைவைத்த, பிரம்பு பின்னிய நாற்காலி. அவர்தான் தபாலாபீசில் இருக்கிறாரே என்று அதை எடுத்தேன். பக்கத்து வேதக்கோயிலில் குருவானவர்கள் வந்தால் உட்கார இரண்டு நாற்காலி உண்டு. கோயிலைப் பெருக்குகிறவரைக் கெஞ்சி அவற்றை வாங்கினேன். அலமாரிக்குப் பின்னால் முதுகு உடைந்த ஒன்று கிடந்தது. ஆக நான்கு. ஐந்து ஐந்து பேராக ஆடலாம்.

நானே கும்மி மெட்டில் ஒரு பாட்டுக் கட்டிப் பாடினேன். ஐந்து பிள்ளைகள் சுற்றினார்கள். சட்டென்று நிறுத்தினேன்.

ஐந்து பேரும் கையைக் கட்டிக்கொண்டு நாற்காலிகளுக்குப் பக்கத்தில் நின்றார்கள். எல்லோரும் முகத்தில் பயபக்தியோடு, யாரோ வந்து உட்காரப்போகிறார்கள் என்று காத்துக்கொண்டிருந்தார்கள்.

"உக்காருங்கலே!" என்று கத்தினேன்.

ஒரு பையன் தன் துண்டால் பெரிய வாத்தியாருடைய நாற்காலியைத் துடைத்தான். அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். பிறகு அதன் பக்கத்தில் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான்.

"ஏலே, நாற்காலியில உக்காரச் சொன்னா தரையில உக்காருத?"

"அது பெரிய வாத்தியார் நாற்காலில்லா வாத்திச்சியம்மா. அதுல நாம உக்காந்தா அவுகளுக்கு ஆகாது."

கோயில் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்ற பெண்ணைப் பார்த்தேன். "இதுல உக்காந்தா பிரசங்கம் பண்ணணும். எனக்குப் பண்ணத் தெரியாது" என்றாள் அவள். முதுகு உடைந்த நாற்காலியிலும் யாரும் உட்காரவில்லை. உடைந்திருந்தாலும் அது நாற்காலிதானே. வாழைத்தாரைத் திருடப் பயப்படாத பிள்ளைகள், ஒரு பலகையில் முதுகைச் சாய்க்க இப்படி நடுங்குவார்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

அப்போதுதான் வாசலில் நின்ற அவளைப் பார்த்தேன். பத்து வயது இருக்கும். கையில் கன்றுக்குட்டிகளின் கயிறு. பண்ணையார் வீட்டுக் கன்றுகளை மேய்க்கிறவள். அவள் அம்மா அவர் வயலில் நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிறவள். பகலில் பள்ளிக்கூடத்துக்கு வர அவளுக்கு வழியில்லை. பதிவேட்டில் பெயரும் இல்லை. கன்றுகளை ஓட்டிக்கொண்டு திரும்பும்போது பாட்டுச் சத்தம் கேட்டு நின்றிருக்கிறாள்.

"நான் வரட்டா?" என்றாள்.

வந்தாள். நான் பாடினேன். நிறுத்தினேன். அவள் ஒரே தாவலாகப் பெரிய வாத்தியாருடைய நாற்காலியில் ஏறி உட்கார்ந்து, தரைக்கு எட்டாத காலை ஆட்டினாள். பள்ளிக்கூடத்துக்கே வராததால், பள்ளிக்கூடத்து மரியாதை ஒன்றும் அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை. முப்பத்தொன்பது பிள்ளைகளும் அந்த ஆடும் காலையே பார்த்தார்கள். கூரை இடிந்து விழவில்லை. தபாலாபீசிலிருந்து அலறல் ஒன்றும் வரவில்லை. அடுத்த சுற்றில் நாற்காலிக்குக் கைகலப்பே நடந்தது.

அன்றிலிருந்து நாலு மணிக்கு மணி அடித்தால் ஒரு பிள்ளை வெளியே போவதில்லை. கிளித்தட்டு, பாண்டி, பச்சைக்குதிரை எல்லாம் சேர்த்துக்கொண்டேன். ஆனால் கடைசி அரை மணி நாற்காலிக்குத்தான். அந்தப் பெண் கன்றுகளை வெளியே வேப்பமரத்தில் கட்டிவிட்டு தினமும் வந்தாள்.

அவளுக்கு இந்த வழியாகவே எழுத்துச் சொல்லிக்கொடுத்துவிடலாம் என்று நான் ஒரு தந்திரம் செய்தேன். ஆட்டத்தில் தோற்றவர்கள் மணலில் ஒரு எழுத்தை எழுதிக் காட்டிவிட்டுத்தான் மறுபடி சேரலாம் என்று விதி போட்டேன். ஒரு வாரத்தில் தோற்ற மடையர்களெல்லாம் எழுத்தில் புலிகளாகிவிட்டார்கள். இவள் தோற்கவே இல்லை. எனவே ஒரு எழுத்தும் படிக்கவில்லை. விதியைத் திருப்பிப் போட்டேன். ஜெயித்தவருக்குத்தான் கரும்பலகையில் எழுதும் பாக்கியம். அதற்குப் பிறகு பாருங்கள், ஒன்றரை மாதத்தில் உயிரெழுத்தைத் தாண்டி மெய்யெழுத்தில் பாதிக்கு வந்துவிட்டாள். அவளுக்கு வாய்த்த பள்ளிக்கூடம் அந்த ஒன்றரை மணி நேரம்தான். அதை மூடிவிட்டால் அவள் படிப்பு கன்றுக்குட்டிகளோடு முடிந்தது. எனக்கு இதைத் தவிர வேறு கவலையே இல்லாமல் போயிற்று.

ஒரு நாள் பெரிய வாத்தியார் சீக்கிரம் திரும்பிவிட்டார். அவர் நாற்காலியில் அவள் உட்கார்ந்திருந்தாள். அவர் கத்தவில்லை. பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிவிட்டு என்னிடம் வந்தார்.

"மிஸ்ஸியம்மா வாற அன்னைக்கு இந்த விளையாட்டு கிடையாது. பண்ணையாரையும் கூப்பிட்டிருக்கு. அவர் முன்னால இந்தப் பிள்ள நாற்காலியில ஏறிச்சுன்னா, நாளைக்கே அதோட அம்மாவுக்கு வேலை இல்ல. சாயங்காலப் பள்ளிக்கூடமும் இல்ல. யோசிச்சுக்கோம்மா."

யோசித்தேன். அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை என்பதுதான் எனக்கு எரிச்சலாக இருந்தது. மறுநாள் அந்தப் பெண்ணிடம், அன்றைக்கு மட்டும் பின்வரிசையில் சும்மா இருக்கும்படி சொன்னேன். "சரி" என்று ஒரு வார்த்தையில் முடித்துக்கொண்டாள்.

அந்த நாளும் வந்தது. மூன்று நல்ல நாற்காலிகளில் மிஸ்ஸியம்மாவும் பண்ணையாரும் பெரிய வாத்தியாரும் உட்கார்ந்தார்கள். பிள்ளைகள் வரிசையாக நின்று கவாத்து செய்தார்கள். வசனம் சொன்னார்கள். தைத்த கைக்குட்டைகளைக் காட்டினார்கள். பண்ணையார் இரண்டு தடவை கொட்டாவி விட்டார். எல்லாம் நல்லபடியாக முடிகிற நேரம்.

"நான் எழுதி அனுப்பின அந்த நாற்காலி விளையாட்டு எங்கே?" என்றார் மிஸ்ஸியம்மா.

"நாற்காலி இல்லையே அம்மா" என்றார் பெரிய வாத்தியார், நாற்காலியில் உட்கார்ந்துகொண்டே.

மிஸ்ஸியம்மா எழுந்துவிட்டார். "இதோ ஒன்று. நீரும் எழுந்திரும். ஐயா, நீங்களும் எழுந்திருங்கள். நாமும் விளையாடுவோம். பிள்ளைகளே, உங்களில் மிகவும் வல்லவர் யார்?"

முப்பத்தொன்பது விரல்கள் பின்வரிசையைக் காட்டின. அவள் என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன்.

வெள்ளைக்காரம்மா கையைப் பிடித்துக் கூப்பிடும்போது பண்ணையார் மாட்டேன் என்று சொல்ல முடியாது. கலெக்டர் காதுக்கு எது எப்படிப் போகும் என்று யாருக்குத் தெரியும்? வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சபைநடுவே வந்து நின்றார். பெரிய வாத்தியார், மிஸ்ஸியம்மா, பண்ணையார், பெரிய வகுப்புப் பையன் ஒருவன், கன்று மேய்க்கிற பெண். ஐந்து பேர். முதுகு உடைந்ததையும் சேர்த்து நான்கு நாற்காலிகள்.

பாட வேண்டியவள் நான்.

முதல் சுற்றில் பையன் போனான். பெரிய வாத்தியாரைப் பக்கத்தில் கண்டதும் கையைக் கட்டி வழி விட்டுவிட்டான். உடைந்த நாற்காலியை எடுத்துவிட்டோம். இரண்டாவது சுற்றில் பெரிய வாத்தியார் போனார். எதிரிலேயே கோயில் நாற்காலி காலியாக இருந்தும், தன்னுடையதைத் தேடி மறுபக்கம் ஓடினார். அதில் பண்ணையார் உட்கார்ந்திருந்தார். மூன்றாவது சுற்றில் அந்தப் பெண் மிஸ்ஸியம்மாவின் நீள அங்கிக்கு அடியிலேயே புகுந்து வந்து இடம் பிடித்துவிட்டாள். மிஸ்ஸியம்மா இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

மிஞ்சியது பெரிய வாத்தியாருடைய நாற்காலி ஒன்று. அதைச் சுற்றிப் பண்ணையாரும் அவர் வீட்டுக் கன்று மேய்க்கிறவளும். பிள்ளைகள் முட்டி போட்டு எட்டிப் பார்த்தார்கள். பெரிய வாத்தியார் என்னைப் பார்த்த பார்வையில் அவள் அம்மாவின் வேலை, சாயங்காலப் பள்ளிக்கூடம் எல்லாம் இருந்தன.

நான் பாடத் தொடங்கினேன். எங்கே நிறுத்தினாலும் அவள் முந்திக்கொள்வாள். எனக்கு அது நன்றாகத் தெரியும். வாய்க்கால் கரையைப் பாடினேன். வாழைத்தோப்பைப் பாடினேன். கட்டின பாட்டு தீர்ந்துபோயிற்று. நிறுத்த எனக்குத் தைரியம் வரவில்லை. கத்தரிக்காயும் வந்தது, வெண்டைக்காயும் வந்தது என்று சந்தையில் விற்கிற காய்கறிகளையெல்லாம் அந்த மெட்டில் ஏற்றினேன். புடலங்காய் முடிந்ததும் பெரிய வாத்தியாரின் மூக்குப்பொடி டப்பாவைப் பாடினேன். மிஸ்ஸியம்மா அதையும் ஏதோ ஞானப்பாட்டு என்று நினைத்துத் தலையசைத்தார்.

பண்ணையார் சுற்றிக்கொண்டே இருந்தார். அவர் ஊரில் இத்தனை தூரம் நடந்து வருஷக்கணக்கு ஆகியிருக்கும். முகம் சிவந்து, நெற்றியிலிருந்து வேர்வை கொட்டியது. அந்தப் பெண் பூனைநடை போட்டுப் பின்னாலேயே போனாள். பன்னிரண்டாவது சுற்றோ பதின்மூன்றாவதோ, "அம்மாடி" என்று ஒரு பெருமூச்சோடு பண்ணையார் நாற்காலியில் விழுந்தார்.

நான் பாடிக்கொண்டுதான் இருந்தேன்.

"பாட்டு நிக்கலியே!" என்று ஒரு பயல் கத்தினான். அவ்வளவுதான். "பண்ணையார் தோத்துட்டாவ! பாட்டு நிக்கதுக்கு முன்னால உக்காந்துட்டாவ!" என்று பள்ளிக்கூடமே ஆர்ப்பரித்தது. மிஸ்ஸியம்மா கைதட்டி, "ஆம், நீர் வெளியே!" என்று தீர்ப்புச் சொன்னார்.

பண்ணையார் துண்டால் வேர்வையைத் துடைத்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். "போங்க வே, மூச்சு வாங்குது. இந்த ஆட்டம் ஆடினா எந்தப் பயலுக்கு மரம் ஏறத் தெம்பு இருக்கும்? ஒன்றரை மாசமா என் தோட்டத்துல ஒரு தார் குறையல. நடக்கட்டும், நடக்கட்டும்." மிஸ்ஸியம்மா தன் நோட்டுப் புத்தகத்தில் ஏதோ எழுதிக்கொண்டார். பெரிய வாத்தியார் பண்ணையாருக்கு விசிறினார். நான் சுவரில் சாய்ந்துகொண்டேன். தொண்டை கட்டிப்போயிருந்தது. என் சாமர்த்தியத்தை நினைத்து எனக்கே பெருமையாக இருந்தது.

வில்வண்டி போன பிறகு வேப்பமரத்துப் பக்கம் போனேன். அவள் கன்றுகளை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். "ஏளா, ஜெயிச்சுட்டியே!" என்றேன் கம்மிய குரலில்.

"நான் எங்க ஜெயிச்சேன்? நான் உக்காரவே இல்லியே."

உண்மைதான். பண்ணையார் கடைசிவரை அந்த நாற்காலியிலிருந்து எழுந்திருக்கவில்லை. அது எங்களில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

"ஏன் பாட்ட நிறுத்தல?" என்றாள்.

"நிறுத்தியிருந்தா நீ உக்காந்திருப்ப. அப்புறம் ஒங்க அம்மா வேலை..."

"அது எனக்குத் தெரியாதா?" என்று என்னை வெட்டினாள். "உக்காருதேனா நிக்குதேனாங்கது என் காரியம். நிறுத்துதது ஒங்க காரியம். நான் நிக்கணும்னா நானே நின்னுருப்பேன். நீங்க பயந்துட்டீய."

கன்றுகளை ஓட்டிக்கொண்டு போய்விட்டாள். எனக்குக் காது மடல்வரை சுட்டது. ஒன்றரை மாதமாக அவளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தேன், அவள் காரியத்தை அவளிடம் விட்டுவைக்க எனக்குத் தெரியவில்லை. வெட்கமாக இருந்தது.

அவள் இனி வரமாட்டாள் என்றுதான் நினைத்தேன். மறுநாள் நாலு மணிக்கு வந்தாள். நாற்காலிகளைத் தானே இழுத்துப் போட்டாள். "ஒங்களுக்குத் தொண்டை கட்டிருக்கு. இன்னைக்கு நான் பாடுதேன். நீங்க ஆடுங்க" என்றாள்.

பிள்ளைகளுக்குக் கேட்கவா வேண்டும். என்னை இழுத்து உள்ளே விட்டார்கள். அவள் பாடினாள். ஒவ்வொருத்தராக வெளியே போனார்கள். நான் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினேன். கடைசியில் நானும் ஒரு பையனும், பெரிய வாத்தியாருடைய நாற்காலியும். ஐந்தரை மணி தாண்டியும் அவள் பாடிக்கொண்டே இருந்தாள். கண் மட்டும் வாசலில் இருந்தது. எனக்கு ஏன் என்று புரியவில்லை.

வாசலில் நிழல் விழுந்தது. தபாலாபீசிலிருந்து பெரிய வாத்தியார் உள்ளே காலை எடுத்து வைத்தார். நான் சரியாக நாற்காலிக்கு நேரே வந்திருந்தேன். பாட்டை நிறுத்திவிட்டாள்.

எல்லோரும் என்னையே பார்த்தார்கள். பெரிய வாத்தியார் முன்னால் நான் ஒரு நாளும் உட்கார்ந்தது கிடையாது. அந்தப் பையன் எப்போதோ கையைக் கட்டிக்கொண்டு ஒதுங்கிவிட்டான். அவள் வாயை இறுக மூடிக்கொண்டு நின்றாள்.

உட்கார்ந்தேன்.

பெரிய வாத்தியார் குடையை மடக்கினார். என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"பைய உக்காரும்மா" என்றார். "நேத்து பண்ணையார் விழுந்ததுல அதுக்குப் பின்னங்கால் ஆடுது."